கேத்திரகணிதமும் வாய்மையும்

கல்வியாற் பெறும் பயன்களுள் அறிவு ஒன்று, ஒழுக்கம் மற்றொன்று. இவற்றுள் அறிவை வளர்ப்பதற்குக் கணிதம், இலக்கணம், பூமிசாத்திரம் முதலிய பாடங்கள் உள என்றும், ஒழுக்கத்தை வளர்ப்பதற்கு நீதிநூலும் சமயபாடமும் உள என்றும் பகுத்துக்கொண்டு, அவ்வவற்றிற்கு வெவ்வேறு நேரத்தை ஒதுக்கிவிடுதல் வித்தியாசாலைகளில் வழக்கமாயிற்று. காலையில் வாய்மையின் சிறப்பை ஓதுவித்த ஆசிரியரே அடுத்த மணியிற் கரும்பலகையின் முன் நின்று கேத்திரகணிதம் கற்பிக்கின்றார். முன்னது அறம், பின்னது கணக்கு என்று அவரும் எண்ணுகின்றார், மாணாக்கரும் எண்ணுகின்றனர். இப்பகுப்பு முற்றிலும் பொருந்துவதன்று என்பதே நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள். நீதிபாட நேரத்தில் வாய்மை புகழப்படுகின்றது. அது பழகப்படுவதும் பழுதுபடுவதும் பெரும்பாலும் கேத்திரகணித நேரத்திலேயாம்.

ஆகலின் ஆசிரியன்மார் முன் ஒரு வினாவை வைக்கின்றோம். தான் காணாத நியாயத்தைக் கண்டவன்போல எழுதும்படி ஒரு பிள்ளையைப் பழக்குதல் அறமாகுமா? இவ்வினா சிறிதெனத் தோன்றலாம். இதற்கு விடை காணுதற்கு, அச்சாத்திரம் எவ்வாறு தோன்றி எவ்வாறு வளர்ந்தது என்பதை ஒருவாறு நோக்குதல் வேண்டும்.

கேத்திரம் என்னும் சொல் நிலம், வயல் என்னும் பொருளுடையது. கேத்திரகணிதமாவது நிலத்தை அளக்குங் கணிதம். கிரேக்கர் இதற்கு இட்ட பெயரும் நிலவளவை என்னும் பொருளதே. எகிப்து தேசத்தில் நீலநதி பெருகிக் கரையோரத்து வயல்களை அழித்தபோது, இழந்த நிலத்தை அளந்து அதற்கேற்ப வரியைக் குறைக்கும்பொருட்டு இக்கலை பிறந்தது என்று கிரேக்க சரித்திராசிரியராகிய ஹெரோதோத்தசு எழுதிவைத்தார். அங்ஙனமாயின், நீதி வேண்டிப் பிறந்த கலை இது என்க. எவனுக்கு எவ்வளவு நிலம், எவன் எவ்வளவு இறுத்தல் வேண்டும் என்னும் வழக்கைத் தீர்ப்பதற்கே கயிறும் முளையும் எடுக்கப்பட்டன.

நீதி வேண்டிப் பிறந்த கலையிலும் பிழையான விதி புகுந்து நெடுங்காலம் நிலைத்தல் கூடும். எகிப்திலே எட்பு என்னும் ஊரிலுள்ள பெருங்கோயில் கிறித்துவுக்கு முன் 237 இல் தொடங்கிக் கட்டப்பட்டது. அதன் சுவரிலே கோயிலுக்குரிய நிலங்களின் அளவு வெட்டப்பட்டிருக்கின்றது. அவ்வளவுகள் ஒரு விதியைப் பின்பற்றியவை: நாற்கோணியான நிலத்தின் எதிர்ப்பக்கங்கள் இரண்டையும் கூட்டிப் பாதியாக்குக, மற்றை இரண்டையும் அவ்வாறே செய்க, வந்த இரண்டையும் பெருக்குக, அதுவே பரப்பு. நிலம் செவ்வகமாயின் இவ்விதி சரியே. செவ்வகமல்லாத நிலத்துக்கோ இது எப்பொழுதும் உண்மையிற் கூடிய பரப்பையே தரும். நான்கு பக்கமும் ஐம்பது ஐம்பது முழமாய், ஒருபுறஞ் சாய்ந்து, எதிர்ப்பக்கங்களுக்கிடையே நேர்த்தூரம் 40 முழமேயுள்ள வயலொன்றை எண்ணுக. அதன் மெய்யான பரப்பு 2000 சதுரமுழம். விதி கூறுவது 2500. அவ்விதிப்படி இறை கணிக்கப்படுமாயின் அவ்வயலையுடையவன் இல்லாத 500 சதுரமுழத்துக்கும் இறுத்தல் வேண்டும். ஏனென்று கேட்டால், விதி அதுவே என்னும் விடையொன்றே அவனுக்குக் கிடைக்கும்.

இதில் வியக்கத்தக்கது ஒன்றுண்டு. அக்கோயிலுக்கு அடிக்கல் நாட்டுதற்கு அறுபதாண்டளவின் முன்னரே, ஏறக்குறைய கிறித்துவுக்கு முன் 300 இல், அதே எகிப்து தேசத்து அலெக்சாந்திரியா நகரில் யூக்கிளிட்டு என்னும் பேராசிரியர் தமது நூலை இயற்றிவிட்டார். இணைகரத்தின் பரப்பு அதன் பக்கத்தையன்றி நேருயரத்தையே பற்றி நிற்பது என்பது அந்நூலின் முதற் புத்தகத்திலேயே நிறுவப்பட்டுள்ளது. நாட்டின் ஒரு கோடியில் உண்மை நிறுவப்பட்டிருப்பவும், மறுகோடியிற் பிழைவிதி கல்லில் வெட்டப்பட்டது. எனவே, உண்மை ஓரிடத்தில் அறியப்பட்டமை மாத்திரத்தால் யாவர்க்கும் உரியதாகிவிடாது. அதனைத் தம்மறிவாற் கண்டார்க்கே அது உரியது.

இனி நமது பாரததேசத்தின் பழஞ்செய்தியைக் காண்போம். வேள்விவேதிகளை அமைக்கும் முறை கூறும் சுல்வசூத்திரங்கள் கயிற்றளவையின் நூல்கள். சுல்வம் என்பது கயிறு. பருந்துவடிவாகவும் பிறவடிவாகவும் வேதிகள் அமைத்தல் வேண்டும். வடிவு வேறுபடினும் பரப்பு வேறுபடலாகாது. இத்தேவையினாலே சதுரத்தைச் செவ்வகமாக்குதலும், இரு சதுரங்களை ஒரு சதுரமாக்குதலும் ஆராயப்பட்டன. செவ்வகத்தின் மூலைவிட்டத்தின்மேல் எழுஞ் சதுரம் இருபக்கத்தின்மேல் எழுஞ் சதுரங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்னும் விதியைப் போதாயனர் பொதுவிதியாகவே கூறினார். இன்று பைதகரசின் தேற்றம் என்று நாம் கற்பிப்பது இதுவே. ஓரலகுப் பக்கமுடைய சதுரத்தின் மூலைவிட்டத்துக்கு அச்சூத்திரங்கள் தரும் அளவு 577 ஐ 408 ஆல் வகுத்து வருவது, அஃதாவது 1.414215 என்பதற்குச் சற்று மேற்பட்டது. உண்மையளவு 1.414213 என்பதற்குச் சற்று மேற்பட்டது. கயிறும் முளையுங் கொண்டு வேதி அமைப்பார்க்கு இந்நுட்பம் மிகப் பெரிது.

ஆயினும் அச்சூத்திரங்கள் விதியைக் கூறினவேயன்றி, அது ஏன் அவ்வாறு என்பதைக் கூறவில்லை. இது குறையென்று இகழத்தக்கதன்று. செய்முறை கூறும் நூல் செய்முறையைக் கூறும். இங்ஙனஞ் செய்க என்றதேயன்றி, இங்ஙனம் நிறுவப்பட்டது என்று அது சொல்லவில்லை. தான் சொல்லாததைச் சொன்னதாக அது காட்டிக்கொள்ளாமையை ஆசிரியன்மார் மனத்திற்கொள்க. பின்னர் இது நமக்கு வேண்டப்படும்.

கிரேக்க தேசத்திலே கிறித்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த தேலீசு என்பவர் தொடங்கி, விதியோடு காரணமும் வேண்டும் என்னும் கொள்கை வளர்ந்தது என்று பின்வந்தோர் கூறுவர். விட்டம் வட்டத்தைச் சமமாகப் பிரிக்கும் என்பது கண்ணுடையார் யாவர்க்கும் புலப்படுவது. அதனையும் நிறுவல் வேண்டும் என்று எண்ணியதே புதுமை. இவ்வெண்ணத்தின் முதிர்ந்த கனி யூக்கிளிட்டின் நூல். பதின்மூன்று புத்தகங்களும் 465 தேற்றங்களும் உடைய அந்நூலிலே, முதற்கண் சில வரைவிலக்கணங்களும் சில எடுகோள்களும் வைக்கப்படுகின்றன. பின்னர் வருவனவெல்லாம் முன்னர் வைத்தவற்றிலிருந்து பெறப்படும். யூக்கிளிட்டு சொன்னார் என்பது அந்நூலில் எந்தத் தேற்றத்துக்கும் காரணமாகாது.

காட்சி, கருதல், உரை என அளவைகள் மூன்று என்பதை நம் ஆசிரியன்மார் நன்கறிவர். வாளாற் பிளந்தாற்போல இவற்றின் எல்லையை வகுத்துக்காட்டும் பாடம் கேத்திரகணிதத்தைப்போல மற்றொன்றில்லை. பாகைமானியால் அளந்து, இக்கோணம் 60 பாகை என்பது காட்சி. இக்கோணங்கள் இவ்வாறாதலின் இப்பக்கங்கள் சமமாதல் வேண்டும் என்பது கருதல். புத்தகத்தில் அவ்வாறுளது என்பது உரை. மூன்றும் பயனுடையனவே. ஆயின் ஒன்றை மற்றொன்றாகக் காட்டுதல் பொய்ம்மையாம். நிறுவலின் ஈற்றில் ‘ஆகவே’ என்று எழுதுகின்ற மாணாக்கன், ‘நான் கருதலளவையாற் கண்டேன்’ என்று கையொப்பமிடுகின்றான் என்பதை நாம் மறத்தலாகாது.

உரையளவையை மட்டும் பற்றி நிற்றலால் விளையுந் தீங்குக்கு நம்தேசத்துச் சரித்திரத்திலேயே ஒரு சான்றுண்டு. 499 இல், தமது 23 ஆம் வயதில், ஆரியபட்டர் இயற்றிய நூல் உலகம் போற்றுவது. வட்டத்தின் பரிதிக்கும் விட்டத்துக்குமுள்ள விகிதத்தை 3.1416 என்று கண்டு, அதுவும் அண்ணளவே என்று வெளிப்படையாகக் கூறிய வாய்மையாளர் அவர். அப்பெரியாரே முக்கோணத்தை அடியாகவுடைய கூம்பகத்தின் கனவளவை, அடிப்பரப்பை உயரத்தாற் பெருக்கிப் பாதியாக்கின் பெறலாம் என்று கூறிவைத்தார். முக்கோணியின் பரப்புக்குப் பாதி வருவதுபோலக் கனத்துக்கும் பாதி வரும் என்று எண்ணினார்போலும். உண்மையில் மூன்றிலொன்றே வரும். பிரமகுப்தர் 628 இற் செய்த நூலிலே மூன்றிலொன்று என்னும் சரியான விதி காணப்படுகின்றது. அதற்கு அடுத்த ஆண்டாகிய 629 இல் ஆரியபட்டர் நூலுக்கு உரைகண்ட முதலாம் பாஸ்கரரோ பாதி என்னும் விதியையே எடுத்து விளக்கினார்.

பெரியோரைக் குறைகூறுதல் நமது கருத்தன்று. ஆரியபட்டரின் பெருமை அப்பிழையாற் குறைவதில்லை. அப்பிழையும் ஆரியபட்டரின் பெருமையால் உண்மையாவதில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே மனத்திற்கொள்ள ஒரு பிள்ளையைப் பழக்குதல் எளிதன்று. கேத்திரகணிதம் அதற்குத் தக்க கருவி. ஒரேயடியும் ஒரேயுயரமும் உடைய கூம்பகம் ஒன்றையும் அரியம் ஒன்றையும் கடதாசியட்டையாற் செய்து, கூம்பகத்தால் மணலை முகந்து அரியத்தில் இடச்சொல்லுக. இருமுறையில் அது நிரம்பாது, மூன்றுமுறையில் நிரம்பும். பத்துவயதுப் பிள்ளையும் இதனைக் காணும். நிறுவல் பின்னர் வரலாம்.

நியாயங்காட்டுதல் மேனாட்டார்க்கே உரியது, நம்மவர் விதிகளை மனனஞ் செய்தவரே என்று சிலர் சொல்லுவர். அது முழுதும் உண்மையன்று. உபபத்தி, யுக்தி என்னுஞ் சொற்கள் நம் கணிதநூல்களில் வழங்குவன. ஏறக்குறைய 1530 இல் கேரளதேசத்துச் சேட்டதேவர் மலையாள மொழியில் எழுதிய யுக்திபாஷை என்னும் நூல், விதிகளுக்குரிய நியாயங்களைப் படிப்படியாகக் காட்டுவதையே நோக்கமாக உடையது. அதுவும் கற்றோர்மொழியாகிய சமஸ்கிருதத்தில் அன்றித் தாய்மொழியில் எழுதப்பட்டது என்பதைத் தாய்மொழியிற் கற்பிக்கும் நாம் நினைந்து மகிழலாம்.

இப்பொழுது வகுப்பறைக்குள் வருவோம். முக்கோணியின் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை இரண்டு செங்கோணம் என்பது பாடம். ஆசிரியர் பிள்ளைகளை ஆளுக்கொரு முக்கோணி வரைந்து அளக்கச் சொல்லுகின்றார். ஒருவனுக்கு 178 பாகை வருகின்றது, ஒருத்திக்கு 181, மற்றொருவனுக்கு 183. ஆசிரியர் கொப்பிகளைப் பார்த்து, ‘180 வரவேண்டும்; திருத்து’ என்கின்றார். பிள்ளை ஒரு கோணத்தின் அளவை அழித்து, வேண்டியதைக் கூட்டி எழுதுகின்றது. ஆசிரியர் சரியென்று குறியிடுகின்றார்.

இங்கே நிகழ்ந்தது யாது? கண்டதைக் காணாததாகவும், காணாததைக் கண்டதாகவும் எழுதும்படி ஒரு பிள்ளை கற்பிக்கப்பட்டது. அதற்குப் பரிசுங் கொடுக்கப்பட்டது. நாளை அப்பிள்ளை நிலவளவையாளனாகலாம், வைத்தியசாலையிற் காய்ச்சலின் அளவைக் குறிப்பவளாகலாம், கணக்கெழுதுபவனாகலாம். வரவேண்டிய எண் இன்னதென்று மேலதிகாரி சொன்னால், கண்ட எண்ணை அழித்து அதனை எழுதுதற்கு வேண்டிய பயிற்சி அன்றே முடிந்தது. 178 என்று கண்டவன் 178 என்றே எழுதல் வேண்டும். பாகைமானியின் கோடு தடித்தது, பென்சிலின் முனை மழுங்கியது, கண் சாய்ந்து பார்த்தது என்னுங் காரணங்களை அவனே ஆராயட்டும். எல்லார் அளவுகளையும் பலகையில் எழுதிப் பார்த்தால், அவை 180 இன் இருமருங்கும் நெருங்கி நிற்பது தெரியும். அப்பொழுது, ‘அளவையால் இதனை முடிவுசெய்ய இயலாதுபோலும், எல்லா முக்கோணிகளுக்கும் ஒருங்கே செல்லும் வேறுவழி உண்டா?’ என்னும் வினா பிறக்கும். அவ்வினா பிறந்த வகுப்பிலேதான் நிறுவல் பொருளுடையதாகும்.

இரண்டாவது பழுது நிறுவலில் நிகழ்வது. உச்சியினூடாக அடிக்குச் சமாந்தரமாக ஒரு கோடு வரைக. ஒன்றுவிட்ட கோணங்கள் சமம். ஆகவே மூன்று கோணமும் ஒரு நேர்கோட்டில் அடங்கும். இதனைக் கண்டவனுக்கு இது மறவாது. காணாதவன் இதனைச் செய்யுள்போல உருப்போடுகின்றான். கரும்பலகையில் உச்சிக்கு க என்றும் அடிக்குச் ச, ட என்றும் பெயரிடப்பட்டிருந்தமையால், பரீட்சையில் முக்கோணி தலைகீழாக நின்று உச்சி ட ஆனபோதும், அவன் க வினூடாகவே கோடு கீறியதாக எழுதுகின்றான். ‘ஆகவே’ என்னும் சொல் அவன் விடையிலும் உரிய இடத்திலேயே இருக்கின்றது. அது எதனையும் குறிக்கவில்லை.

இதற்கு ஓர் ஆசங்கை எழும். ‘நம் முன்னோர் பொருளறியுமுன்னரே சூத்திரங்களையும் நிகண்டையும் வாய்பாட்டையும் பாடஞ் செய்வித்தனர் அல்லரோ? இளமையில் மனனம், முதுமையில் தெளிவு என்பது நம் மரபன்றோ? அதனைப் பொய்யென்று கூறுவீரோ?’ எனின், கூறோம். சூத்திரத்தை ஓதும் பிள்ளை, இது நூலாசிரியர் வாக்கு என்றே ஓதுகின்றது. தான் ஆராய்ந்து கண்டதாக அது சொல்லவில்லை. உரை உரையாகவே நிற்கின்றது. ஆதலின் அங்கே பொய்யில்லை. சுல்வசூத்திரம் செய்முறையைச் செய்முறையாகவே கூறி நின்றதுபோல்வது அது. நிறுவலோ அத்தன்மையதன்று. நிறுவல் என்பது ஒருவன் தன் அறிவின் நடையைப் பிறர்க்குக் காட்டுவது. நடவாதவன் நடந்ததாகக் காட்டுதல் மனனமாகாது, அது வேடமாம். கேட்டலின்பின் சிந்தித்தலும் அதன்பின் தெளிதலும் வைத்த மரபு நமது. கேட்டலோடு நின்றவனைத் தெளிந்தவன் என்று பட்டஞ்சூட்டும் வழக்கத்துக்கு அம்மரபைச் சான்றுகாட்டுதல் பொருந்தாது.

மற்றுமோர் ஆசங்கை இதனினும் வலியது. ‘மந்தமதியுடைய பிள்ளைகள் பலர். பரீட்சையோ யாவர்க்கும் ஒன்றே. உருப்போட்டாயினும் சில புள்ளிகள் பெற்றால் அப்பிள்ளைக்கு ஒரு வாழ்வுண்டாம். தெளிவு வரட்டும் என்று காத்திருந்தால் ஆண்டு கழிந்துவிடும். ஏழைப் பெற்றோர்க்கு நாம் என்ன விடை கூறுவோம்?’ என்பர். இது எளிதிற் தள்ளத்தக்கதன்று. அன்பின் வழியாகவே இது எழுகின்றது. ஆயினும் இவ்வழி எங்கே செல்லும் என்பதை இங்கிலாந்தின் சரித்திரத்தாற் காண்க.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அத்தேசத்துப் பாடசாலைகளில் யூக்கிளிட்டின் நூலே பாடநூலாயிருந்தது. தேற்றங்களின் வரிசையும் மாறலாகாது என்று பரீட்சகர் வற்புறுத்தினர். பயன் என்ன? இருசமபக்க முக்கோணியின் அடிக்கோணங்கள் சமம் என்னும் ஐந்தாம் தேற்றம் ‘கழுதைப்பாலம்’ என்று பெயர்பெற்றது. அதனைக் கடக்கமாட்டாத பிள்ளைகள் அங்கேயே நின்றனர். கடந்தவர்களுட் பலர் உருப்போட்டே கடந்தனர். அத்தேற்றத்துக்குப் பாப்பசு என்னும் பழைய ஆசிரியர் காட்டிய நியாயமோ மிகச் சுருங்கியது: அம்முக்கோணியைப் புரட்டி அதன்மேலேயே வைத்தால் பொருந்தும். கடதாசியை மடித்து ஒரு சிறுபிள்ளை இதனைக் காணலாம். நூலின் வரிசைக்கு அஞ்சியவர்க்கு இவ்வழி அடைபட்டிருந்தது.

இந்நிலையைச் சீர்ப்படுத்த 1871 இல் ஆசிரியர்கள் சங்கமொன்று கூட்டினர். 1901 இல் கிளாஸ்கோ நகரிற் கூடிய பிரித்தானிய விஞ்ஞான சங்கத்தில் யோன் பெரி என்னும் பேராசிரியர், அளத்தலும் வரைதலும் செய்கையும் முதலில் வருக என்று வாதித்தார். 1903 இற் கேம்பிரிட்சுச் சருவகலாசாலை யூக்கிளிட்டின் வரிசையை வற்புறுத்துவதைக் கைவிட்டது. புத்தகங்கள் மாறின. உருப்போடுதல் மறைந்ததா? இல்லை. பழைய நிறுவலை உருப்போட்ட பிள்ளைகள் புதிய நிறுவலை உருப்போட்டனர். குற்றம் நூலினிடத்து மாத்திரமன்று என்பது இதனாற் பெறப்படும்.

குற்றம் எங்கே என்பதை ஒல்லாந்து தேசத்து ஆசிரியத் தம்பதிகளாகிய பியர் வான் ஹீலேயும் டீனா வான் ஹீலேயும் 1957 இல் உத்திரெக்ட்டுச் சருவகலாசாலையில் சமர்ப்பித்த ஆராய்ச்சிகளில் விளக்கினர். பிள்ளை முதலில் உருவத்தை முழுதாகக் கண்டு, இது சதுரம் என்கின்றது. பின்னர் அதன் இயல்புகளைப் பிரித்தறிகின்றது. அதன்பின் ஓரியல்பிலிருந்து மற்றோரியல்பு வருதலையும், சதுரமும் ஒரு செவ்வகமே என்பதையும் உணர்கின்றது. இதற்கும் பின்னரே நிறுவலின் நடை விளங்குகின்றது. ஆசிரியர் மேற்படியில் நின்று பேச, பிள்ளை கீழ்ப்படியில் நின்று கேட்குமாயின், இருவரும் ஒரே சொல்லை வழங்கினும் பொருள் வேறாம். அப்பொழுது பிள்ளைக்கு எஞ்சிய வழி ஒன்றே: விளங்காததை அப்படியே திருப்பிச் சொல்லுதல். எனவே, நாம் மந்தமதி என்று பெயரிட்டது பலவிடத்தும் ஏற்றப்படாத படியேயன்றி வேறன்று. காலந்தாழ்த்தலாகாது என்று விரைந்தமையாலேயே காலம் வீணாயிற்று.

ஆயினும் பரீட்சை வாயிலில் நிற்கும் பிள்ளையைக் கைவிடுக என்று நாம் கூறவில்லை. விளங்காத நிறுவலை அப்பிள்ளை பாடஞ் செய்வதானால் செய்க. ஆனால் அது பாடஞ் செய்யப்பட்டது என்பதை ஆசிரியரும் பிள்ளையும் தம்முள் வெளிப்படையாக அறிந்திருத்தல் வேண்டும். கொப்பியின் ஓரத்தில், ‘இவ்வடி எனக்கு இன்னும் விளங்கவில்லை, நூலிலுள்ளதை எழுதினேன்’ என்று குறிக்கும் உரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்க. அக்குறிப்பைக் கண்டு சினவாத ஆசிரியரிடத்தே அப்பிள்ளை மீண்டும் வந்து கேட்கும். சினப்பவரிடத்து எல்லாம் விளங்கிற்று என்று தலையசைக்கும். விளங்காமை குற்றமன்று, விளங்கியதாக நடிக்கப் பழக்குதலே குற்றம்.

அற்றேல், காணுமாறு கற்பித்தல் எவ்வாறு? பிளேட்டோ எழுதிய மேனோ என்னும் உரையாடலிலே சோக்கிரதர் கேத்திரகணிதம் கல்லாத ஓர் அடிமைச்சிறுவனிடம், ஈரடிப் பக்கமுடைய சதுரத்தின் இருமடங்கு பரப்புடைய சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு என்று வினாவுகின்றார். சிறுவன் நான்கடி என்கின்றான். வரைந்து பார்க்க, எட்டு வரவேண்டிய பரப்புப் பதினாறாகின்றது. மூன்றடி என்கின்றான், ஒன்பதாகின்றது. பின்னர், அறியேன் என்கின்றான். சோக்கிரதர் அதனை இகழாது, அறியாமையை அறிந்தமையால் அவன் முன்னிலும் மேம்பட்டான் என்று காட்டுகின்றார். முடிவில் மூலைவிட்டத்தின்மேற் சதுரம் வரையப்பட, அதுவே விடையென்று சிறுவன் தானே உணர்கின்றான். மூலைவிட்டத்தைக் கீறிக்காட்டியவர் சோக்கிரதர் என்பது மெய்யே. அதனால் ஆசிரியர்க்கு இங்கே தொழிலில்லை என்று எண்ணற்க. கோட்டைக் காட்டுவது ஆசிரியர் தொழில். கண்டேன் என்பது மாணாக்கன் தொழில். பின்னையதை ஆசிரியர் அவனுக்காகச் செய்துகொடுத்தல் இயலாது.

இனி ஆசிரியர்க்குரிய வாய்மை ஒன்றுண்டு. அது எடுகோள்களைப் பற்றியது. எல்லாவற்றையும் நிறுவுதல் இயலாது. சிலவற்றை ஏற்றுக்கொண்டே தொடங்கல் வேண்டும். யூக்கிளிட்டின் ஐந்தாம் எடுகோள், சமாந்தரக் கோடுகளைப் பற்றியது, ஏனையவைபோல எளிதாகத் தோன்றவில்லை. இரண்டாயிரமாண்டுக்கு மேலாகப் பலர் அதனை நிறுவ முயன்றனர். 1733 இல் இத்தாலியரான சக்கேரி அரிதின் முயன்றும் ஐயமற நிறுவினாரல்லர். 1829 இல் உருசியரான லொபசேவ்ஸ்கியும் 1832 இல் அங்கேரியரான பொல்யாயும், அவ்வெடுகோளை மறுத்தும் முரணில்லாத வேறொரு கேத்திரகணிதம் அமையும் என்று வெளியிட்டனர். 1854 இல் ரீமான் இவ்வாராய்ச்சியை மேலும் விரித்தார். அவர் கண்ட கணிதமே 1915 இல் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக்கொள்கைக்குக் கருவியாயிற்று.

இதனைப் பிள்ளைகளுக்குக் கூறுதற்கு அஞ்சவேண்டியதில்லை. பூகோளவுருண்டையை எடுத்து, வடதுருவத்திலிருந்து யாழ்ப்பாணத்தை அடுத்துச் செல்லும் கிழக்கு 80 பாகைத் தீர்க்கரேகை வழியே பூமத்தியரேகைவரை விரலை ஓட்டுக. அங்கிருந்து பூமத்தியரேகை வழியே மேற்காக 90 பாகை சென்று, மேற்கு 10 பாகைத் தீர்க்கரேகையில் மீண்டும் வடதுருவம் சேர்க. அம்முக்கோணியின் மூன்று கோணமும் செங்கோணம். கூட்டுத்தொகை 270 பாகை. அங்ஙனமாயின் 180 என்று கற்பித்தது பொய்யா? பொய்யன்று. ‘தட்டையான தளத்தில், சமாந்தரக்கோட்டைப் பற்றிய எடுகோளை ஏற்றுக்கொண்டால்’ என்னும் நிபந்தனையோடு அது என்றும் மெய். நிபந்தனையை மறைத்துக் கற்பித்தலே குறையாம். யூக்கிளிட்டின் முதற் தேற்றத்திலேயே, இரு வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டும் என்பது காரணமின்றிக் கொள்ளப்பட்டுள்ளது. இத்தகைய விடுபாடுகளை நிரப்பி 1899 இல் கில்பேட்டு என்னும் செர்மானிய அறிஞர் அடிப்படைகளைப் புதிதாக வகுத்தார். நூற்றாண்டுகளாகக் குறைவற்றதென்று போற்றப்பட்ட நூலிலும், ‘இது எதனாற் பெறப்பட்டது?’ என்னும் வினாவே குறையைக் கண்டது. அவ்வினாவை நம் வகுப்பில் ஒரு பிள்ளை எழுப்புமாயின், அதனை அடக்குதல் தகுமா?

ஆசிரியப் பெருமக்காள்! நாம் வேண்டுவது புதிய கருவியுமன்று, பெரும்பொருளுமன்று. அளந்தது அளந்தபடியே எழுதப்படட்டும். உருவத்தைத் திருப்பியும் எழுத்தை மாற்றியும் நிறுவலை ஒருமுறை கேட்டுப்பாருங்கள். ‘ஏன்?’ என்ற பிள்ளைக்கு விடை தெரியாதபோது, ‘இது எனக்கும் ஆராயவேண்டியது, நாளை இருவரும் பார்ப்போம்’ என்று சொல்லுங்கள். அதனால் ஆசிரியர் மதிப்புக் குறையும் என்பது வீணச்சம். நம் மாணாக்கருட் பெரும்பாலார் பாடசாலையை விட்டபின் முக்கோணியை நினையார். ஆனால் வழக்கு மன்றிலும், கடைக்கணக்கிலும், ஊர்ச்சபையிலும், தம் வீட்டிலும் ‘ஆகவே’ என்னும் சொல்லை நாடோறும் வழங்குவர். அச்சொல்லுக்கு முன் காரணம் ஒன்று நிற்றல் வேண்டும் என்று அவர்க்குக் கற்பிக்கும் பொறுப்பு நம்மிடம் வந்திருக்கின்றது. அதனை நாம் கரும்பலகையின் முன்னேயே நிறைவேற்றல் வேண்டும்.